‘ண’வுக்கு அடுத்த எழுத்து

கண்டக்டர் என்றால் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான். ஓய்வு பெற்று நான்கு வருடங்கள் ஆகின்றன. விசிலையும் பையையும் டிப்போவில் ஒப்படைத்துவிட்டு வந்தவரால் பழக்கத்தை மட்டும் ஒப்படைக்க முடியவில்லை.

முப்பத்தோரு வருடம் ஒரே தடத்தில் ஓடியவர். பயணி படியில் கால் வைக்கும் விதத்திலேயே இவர் ஆஸ்பத்திரி, இவர் கோர்ட், இவர் கடைசி நிறுத்தம் என்று கண்டுபிடித்துவிடுவார். "மார்..." என்று ஆரம்பிப்பதற்குள் மார்க்கெட் டிக்கெட் கிழிபட்டிருக்கும்.

"யோவ், நான் மார்பிள் கடைன்னு சொல்ல வந்தேன்யா!"

"மார்பிள் கடைக்கும் மார்க்கெட்லதான் இறங்கணும். உக்காருங்க."

அடுத்தவர் வாயிலிருக்கும் வார்த்தையைப் பிடுங்கி முடித்து வைப்பது அவருக்குத் தொழில். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவர் மனைவியைத் தெருவில் டெய்லரம்மா என்பார்கள். வாசல் அறையில் தையல் மெஷின் போட்டு, தெருவிலுள்ள பாதிப் பெண்களின் அளவுகளை மனதிலேயே வைத்திருந்தவர். எந்தத் துணி வந்தாலும் முதல் வேலையாகக் கழுத்துப்பட்டியைத் திருப்பி லேபிளைத்தான் வெட்டுவார். "இதை எவன் கண்டுபிடிச்சானோ, அவனைக் கட்டி வெச்சு இதாலேயே குத்தணும்" என்பார்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு காலையில் ஊசி அவர் விரலிலிருந்து நழுவியது. எடுத்தார். மறுபடியும் நழுவியது. பிறகு கத்தரிக்கோல், பிறகு செருப்பு, பிறகு நடை. நரம்பு ஒவ்வொன்றாகக் கடையைச் சாத்துகிற நோய் என்றார் டாக்டர். கடைசியில் நாக்கும் போகும் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு, அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் மேசையிலிருந்த பேனாவை மூடி மூடித் திறந்தார்.

அப்போதுதான் பேச்சுப் பயிற்சி மையத்து டீச்சர் அந்த யோசனையைச் சொன்னார். குரல் இருக்கும்போதே அதை எடுத்து வைத்துவிடலாம். சுவரெல்லாம் கம்பளம் மாட்டிய சின்ன அறையில், நான்கு மதியங்கள் உட்கார்ந்து டெய்லரம்மா இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"ஙூ, ஙே, ஙோ... இதெல்லாம் எந்த வார்த்தையில வருது டீச்சர்?"

"வராதும்மா. இருந்தாலும் இருக்கட்டும்."

"விலைக்கா வாங்குறோம், இருக்கட்டும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பின் மிச்சம் ‘ஙோ’வில் ஒட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் ‘ண’ வரிசை வந்தபோது அவருக்கு உடம்பு அலுத்துப்போயிருந்தது. ‘ணா’வை எரிச்சலோடு சொன்னார். டீச்சர் அதையும் அப்படியே பதிவு செய்துகொண்டார்.

அந்த எழுத்துகளைக் கோத்துப் பேசும் ப்ரோகிராம் ஒன்றையும் டீச்சரே எழுதிக் கொடுத்தார். திரையில் கட்டம் கட்டமாக எழுத்துகள். மஞ்சள் வெளிச்சம் ஒன்று வரிசை வரிசையாக இறங்கி வரும். வேண்டிய வரிசையில் வெளிச்சம் இருக்கும்போது கட்டைவிரலின் கீழிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். பிறகு அது அந்த வரிசைக்குள் கட்டம் கட்டமாக நகரும். மறுபடியும் ஓர் அழுத்தம். முதலில் மெய், பிறகு உயிர். ‘ண’வை எடுத்து ‘ஆ’வை எடுத்தால் ‘ணா’. எழுத்துகள் கீழே ஒரு கோட்டில் சேரும். வார்த்தை முடிந்தால்தான் மெஷின் வாய் திறக்கும். திறந்தால் டெய்லரம்மாவின் குரல்.

உடம்பெல்லாம் ஓய்ந்த பிறகும் வலது கட்டைவிரல் மட்டும் ஓயவில்லை. இருபது வருடம் கத்தரிக்கோல் பிடித்த விரல். ஒரு முறை உயர்ந்தால் ‘ஆமா’. கண்ணை மூடினால் ‘இல்லை’. மற்றதையெல்லாம் மெஷின் சொல்லும்.

சொல்லும் என்றா சொன்னேன்? கண்டக்டர் விட்டால் சொல்லும்.

ஒரு வார்த்தைக்கு நான்கு நிமிடம் ஆகும். அவரால் தாங்க முடியாது. கட்டங்கள் பக்கம் அவர் பார்வையே போகாது. கீழ்க்கோட்டில் எழுத்து சேருவதை மட்டும் பார்ப்பார். ‘தண்’ என்று வந்ததும், "தண்ணிதானே? இதோ!" என்று எழுந்துவிடுவார். அன்றைக்கு டெய்லரம்மா சொல்ல வந்தது ‘தண்டம்’. அவர் வாங்கி வந்திருந்த மூன்றாவது குடையைப் பற்றி. ஆனால் கரண்டியில் தண்ணீர் வந்துவிட்டது. குடித்துவிட்டார்.

அன்பில்தான் செய்தார். அந்த விரலுக்கு வலிக்கக் கூடாதென்றுதான் செய்தார். பாவி மனிதன், வேறென்ன சொல்ல!

அவர் அறையில் இல்லாத நேரங்களில்தான் மெஷின் முழு வார்த்தை பேசும். சமையலறையில் இருக்கும்போது "வேணாம்" என்று சுள்ளென்று கேட்கும். ‘ணா’வில் அந்தப் பழைய எரிச்சல்.

"மெஷினுக்குள்ள போயும் அதட்டுறியேடி!" என்று அங்கிருந்தே கத்துவார். உள்ளே டெய்லரம்மாவின் கண்கள் சிரிக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டில் சனியன் வீடியோ கால் வழியாக வந்தது.

கடல் தாண்டி வேலை பார்க்கும் ஒரே மகள் வாராவாரம் கூப்பிடுவாள். சில மாதங்களாகப் படம் உறைந்து உறைந்து நின்றது. பிறகு வரவே இல்லை. போனில் அழைத்தாள்.

"அப்பா, உங்க கம்ப்யூட்டர்ல இருக்கிற சிஸ்டம் ரொம்பப் பழசு. அதுல இனிமே எதுவும் ஓடாது. அம்மா முகத்தைப் பார்த்து மூணு மாசமாச்சுப்பா. ரீஸ்டார்ட் அண்ணனைக் கூப்பிட்டு வேற சிஸ்டம் போடச் சொல்லுங்க."

ரீஸ்டார்ட் என்பது கம்ப்யூட்டர் மெக்கானிக்கின் பட்டப்பெயர். யார் எந்தக் குறை சொன்னாலும் "ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்களேன்" என்பான். நல்லவன். மறுநாள் காலை பத்து மணிக்கே வந்துவிட்டான். கட்டிலோரத்தில் சக்கரம் வைத்த மேசை. அதன் மேல் கம்ப்யூட்டர்.

"அண்ணே, இதைத் துடைச்சுட்டு வேற சிஸ்டம் போட்டாத்தான் உண்டு. அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. பழசே இருக்கட்டுமா, அழிச்சுட்டுப் புதுசு போட்டுரலாமா அண்ணி?"

கட்டைவிரல் அசைந்தது. மஞ்சள் வெளிச்சம் இறங்கியது, நின்றது, நகர்ந்தது, நின்றது. ப. ழ. சு. மெக்கானிக் மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கண்டக்டர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். ஆறு நிமிடம் கழித்துக் கோட்டில் ‘பழசு வே’ என்று நின்றது. பிறகு ‘ண’ வந்தது.

"பழசு வேணாம்! அவ்வளவுதான்ப்பா, சொல்லிட்டா. பழசு எதுவுமே வேணாம். எல்லாம் புதுசா போட்டுரு. நான் போய் டீ போட்டுட்டு வர்றேன்."

மெக்கானிக் குனிந்து ஒயரைப் பிடுங்கினான். கண்டக்டர் சமையலறைக்குத் திரும்பியிருந்தார். திரை அணைந்தபோது மஞ்சள் வெளிச்சம் உயிரெழுத்து வரிசையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. இருண்ட திரைக்கு முன்னால் அந்தக் கட்டைவிரல் அழுத்தியது. மறுபடி அழுத்தியது. மறுபடியும்.

யாரும் பார்க்கவில்லை.

மதியம் ஒரு மணிக்குப் புதிய சிஸ்டம் தயார். படம் பளிச்சென்று இருந்தது. கண்டக்டர் கையைத் தேய்த்துக்கொண்டு, "சரி, அவ பேசுற ப்ரோகிராமைப் போடு" என்றார்.

மெக்கானிக் துடைப்பதற்கு முன் பென்டிரைவில் எடுத்து வைத்திருந்ததைத் திறந்தான். இரண்டு முறை தட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. ரீஸ்டார்ட் பண்ணினான். அவன் பட்டப்பெயர் அன்றைக்கு அவனையே கேலி செய்தது.

"அண்ணே... இது பழைய சிஸ்டத்துக்குன்னே எழுதின ப்ரோகிராம். இந்தச் சிஸ்டத்துக்கு அது பேசுற பாஷையே புரியாது."

"என்னப்பா சொல்றே?"

"பழசு எதுவுமே வேணாம்னு நீங்கதானே அண்ணே சொன்னீங்க?"

"நான் எங்கே சொன்னேன்? அவதான் சொன்னா!" கண்டக்டர் கட்டிலின் பக்கம் திரும்பினார். "பழசு வேணாம்னுதானே சொன்னே?"

டெய்லரம்மா கண்ணை மூடினார். இல்லை.

அந்தக் கண் உடனே திறக்கவில்லை. நெடுநேரம் மூடியே இருந்தது. இமையோரத்திலிருந்து ஒரு சொட்டு காதை நோக்கி இறங்கியது.

கண்டக்டருக்குக் கேட்க வேண்டாம் என்று இருந்தது. கேட்டார்.

"வேணும்னா... வேணும்னு சொல்ல வந்தியா?"

கண் திறந்தது. கட்டைவிரல் உயர்ந்தது.

ஒரு உயிரெழுத்து! ‘ஆ’வுக்கும் ‘உ’வுக்கும் நடுவே இருக்கும் இரண்டு கட்டங்கள்! பஸ்ஸில் எத்தனையோ ஆயிரம் பேரின் வார்த்தையை முடித்து வைத்தவர், சொந்த மனைவியின் வார்த்தையில் தப்பான நிறுத்தத்தில் இறக்கி விட்டுவிட்டாரே!

மெக்கானிக் அதன் பிறகு மூன்று நாள் தினமும் வந்தான். வேறு வேலைகளை ஒத்திவைத்துவிட்டு வந்தான். அவன் முகம் பார்க்கவே பாவமாக இருந்தது.

"ஒரு வழி இருக்குண்ணே. பழைய ப்ரோகிராம்கிட்ட ‘நீ இன்னும் பழைய வீட்லதான் இருக்கே’ன்னு பொய் சொல்ற ப்ரோகிராம் ஒண்ணு இருக்கு. அது நம்பிடுச்சுன்னா ஓடும்."

"பொய் சொன்னாலும் பரவாயில்லைப்பா. சொல்லு."

இரண்டாம் நாள் அது நம்பியது. திரையில் கட்டங்கள் வந்தன. மஞ்சள் வெளிச்சம் இறங்கியது. கண்டக்டர் குழந்தை மாதிரி கைதட்டினார். தட்டிய கை பாதியில் நின்றது.

கட்டங்களுக்குள் எழுத்தே இல்லை. அத்தனையும் வெற்றுச் சதுரங்கள். பழைய சிஸ்டத்தோடு அந்த எழுத்துருவும் போய்விட்டிருந்தது. மேலே ஒரு சின்னப் பெட்டி எழுந்து, குரலைத் திறக்கப் பதிவு எண் கேட்டது.

மையத்துக்கு ஓடினார் கண்டக்டர். மையம் இருந்த இடத்தில் பாத்ரூம் டைல்ஸ் கடை இருந்தது. கடைக்காரர் யாரையோ கேட்டு, அவர் இன்னொருவரைக் கேட்டு, டீச்சரின் நம்பர் கிடைத்தது. டீச்சர் இப்போது மகன் வீட்டில், வேறு ஊரில்.

"ஐயோ, அவங்களா! ‘ஙோ’ல சிரிச்சாங்களே, மறக்கவே முடியாது" என்றார் டீச்சர். கண்டக்டர் விஷயத்தைச் சொன்னதும் டீச்சர் விளக்கினார். "அண்ணே, அந்த எண் ஒவ்வொரு மெஷினுக்கும் தனியா வரும். போட்டப்ப உங்க மெஷின்லயே எழுதி வெச்சிருந்தேன். அதை அழிச்சிருப்பாங்க. புது எண் எடுக்கிற ப்ரோகிராம் என் கம்ப்யூட்டர்ல இருந்துச்சு..."

"இருந்துச்சுன்னா?"

"நானும் போன வருஷம் சிஸ்டம் மாத்திட்டேன் அண்ணே."

கண்டக்டர் போனை வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்.

"அந்தப் பழைய சிஸ்டத்தையே திரும்பப் போட்டா?" என்று மெக்கானிக்கிடம் கேட்டார்.

"போடலாம். ஆனா எழுத்து வராதுண்ணே, டீச்சர் தனியா போட்ட எழுத்து அது. குரலுக்கு இதே எண்ணைத்தான் கேக்கும். குரல் உள்ளேதான் இருக்கு. இந்த பென்டிரைவ்லயே இருக்கு. ஆனா திறக்க முடியாது."

கண்டக்டர் அந்தப் பென்டிரைவை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சட்டைப் பொத்தான் அளவு. காதில் வைத்துப் பார்த்தார். மெக்கானிக் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நான்காம் நாள் காலையில், வெற்றுச் சதுரங்கள் நிறைந்த அந்தத் திரைக்கு முன்னால் டெய்லரம்மா பொத்தானை அழுத்த ஆரம்பித்தார். எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து என்று அவருக்குத் திரை சொல்லித் தர வேண்டுமா? பத்து வருடம் குடியிருந்த வீடு அது. பத்து நிமிடம் அழுத்தினார். கீழ்க்கோட்டில் ஏழு சதுரங்கள் சேர்ந்தன. மூன்று, ஓர் இடைவெளி, நான்கு.

அழுத்தி முடித்துவிட்டுக் கணவரைப் பார்த்தார்.

கண்டக்டர் அந்தச் சதுரங்களைப் பார்த்தார். பத்து வருடம் இதே திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். எது எந்தக் கட்டத்தில் இருந்தது என்று ஒரு எழுத்துகூட நினைவில்லை. டீச்சர் மெய்யெழுத்துகளை அகர வரிசையில் அடுக்கவில்லை. அடிக்கடி வருவதை மேலே வைத்திருந்தார். அதைக்கூட அவர் கவனித்ததில்லை.

முதல் வார்த்தை மூன்று எழுத்து. கோபம் மூன்று எழுத்து. பாவம் மூன்று எழுத்து. துரோகி என்பதும் மூன்று எழுத்துதான்.

"எனக்குப் படிக்கத் தெரியலையேம்மா" என்றார். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். முப்பத்தோரு வருடத்தில் ஒரு பயணிக்குக்கூட ‘தெரியாது’ என்று சொல்லாத மனிதர்.

அழுது முடித்த பிறகு தினசரிக் காலண்டரின் அட்டையைக் கழற்றி, அதன் பின்பக்கத்தில் திரையில் இருந்த மாதிரியே கட்டம் போட்டார். மனைவியின் கையருகே உட்கார்ந்தார்.

"முதல் வரிசை, முதல் கட்டம். மெய்யா? ...சரி. க? ச? ட? த?"

‘த’வுக்கு விரல் உயர்ந்தது. எழுதினார். இரண்டாவது கட்டம். நடுநடுவே டெய்லரம்மா களைத்துப்போனார். அவர் கண்ணை மூடினால் அது ‘இல்லை’யா, அசதியா என்று தெரியாமல் இவர் காத்திருந்தார். காத்திருப்பது அவருக்கு முதுகு வலியைவிடக் கஷ்டமாக இருந்தது. மதியம் தாண்டி அட்டை நிறைந்தது. அதை அவர் எழுத்தாகப் படிக்கவில்லை, தடமாகப் படித்தார். முதல் தடம், நான்காவது நிறுத்தம் ம. மூன்றாவது தடம், இரண்டாவது நிறுத்தம் ள. வாய்க்குள் முணுமுணுத்து உருப்போட்டார்.

பிறகு, "காலையில சொன்னதை இன்னொரு தடவை சொல்றியா?" என்றார்.

வெளிச்சம் நகர்ந்தது. ‘லே’ வந்தது. அவர் வாயில் லேட், லேசு, லேகியம் என்று என்னென்னவோ வந்து முட்டின. உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பி. ள். கு. த். து. து.

லேபிள் குத்துது.

கண்டக்டர் அவசரமாக அவர் தலையைத் தூக்கிக் கழுத்துப்பட்டியைத் திருப்பினார். நான்கு நாளைக்கு முன்னால் அவர் வாங்கி வந்து மாட்டிவிட்ட புது நைட்டி. முரட்டு நைலான் லேபிள். அதற்கு அடியில் தோல் சிவந்து, கன்றி, ஓரிடத்தில் பொருக்குத் தட்டியிருந்தது. நான்கு நாள்! பகலும் இரவும்! வாய் இருந்திருந்தால் ஒரு நொடி வேலை.

மனைவியின் பழைய கத்தரிக்கோலை எடுத்து வந்து லேபிளை வெட்டினார். அவசரத்தில் துணியும் கொஞ்சம் சேர்ந்து வெட்டுப்பட்டது. டெய்லரம்மாவின் கண் அந்தக் கோணல் வெட்டைத் தேடியது. பார்க்க முடியாததால் விட்டுவிட்டது.

அன்று மாலை மகள் வீடியோவில் வந்தாள். கண்ணாடி போலத் தெளிவான படம்.

"அப்பா! உங்க காதுல இருக்கிற முடிகூடத் தெரியுதுப்பா! முதல்ல அதை வெட்டுங்க. அம்மா... அம்மா, எப்படி இருக்கே? பேசும்மா."

வெளிச்சம் ஓசையில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா குரல் எங்கப்பா?"

கண்டக்டர் சொன்னார். எதையும் மறைக்கவில்லை, ‘ண’ வரைக்கும் வந்ததையும், தான் முடித்து வைத்ததையும் சொன்னார். மகள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூக்கை உறிஞ்சிவிட்டு, "நான்தானேப்பா மாத்தச் சொன்னேன்" என்றாள்.

பிறகு வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள். வேலைக்குப் போன நாளிலிருந்து ஒன்பது வருடமாக, ஒவ்வொரு முறையும் அவள் கேட்கும் கேள்வி.

"அம்மா, நான் லீவு போட்டுட்டு வரட்டுமா? உன்கூட வந்து இருக்கட்டுமா, வேணாமா?"

கட்டைவிரல் அழுத்தியது. கண்டக்டர் அட்டையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். "ரெண்டாவது தடம், முதல் நிறுத்தம்... வ. அதோட ஏ... வே." வெளிச்சம் சுற்றி வந்தது. "ண."

"வேணாமா? தெரியும்மா. நீ எப்பவும் அதைத்தானே சொல்வே. சரி, அப்போ அடுத்த வருஷம்..."

"இரு."

அந்தச் சத்தத்தில் மகள் திடுக்கிட்டுப் போனாள். பஸ்ஸில் படிக்கட்டுப் பயணிகளை அதட்டும் சத்தம் அது.

"இரும்மா. அம்மா இன்னும் முடிக்கலை."

இருவரும் காத்திருந்தார்கள். மஞ்சள் வெளிச்சம் உயிரெழுத்து வரிசைக்கு வந்தது. விரல் அழுத்தியது. வெளிச்சம் ‘அ’வில் நின்று, நகர்ந்து, ‘ஆ’வுக்கு வந்தது. கண்டக்டர் விரலையே பார்த்தார். விரல் அசையவில்லை. இ. ஈ. வெளிச்சம் ‘உ’வுக்கு வந்தது.

விரல் அழுத்தியது.

ஒன்பது வருடம். ஒவ்வொரு முறையும் கோட்டில் ‘வேண’ என்று வந்ததுமே திரையைப் பார்த்து "வேணாமாம்டி, நீ வேலையைப் பாரு" என்று சொன்னது யார்? அதில் எத்தனை உண்மையிலேயே வேணாம்? கேட்கலாம். விரல் பதில் சொல்லும். அவருக்குக் கேட்கும் தைரியம் இல்லை.

"என்னப்பா? அம்மா என்ன சொல்றாங்க? சொல்லுங்கப்பா!"

"வேணும்" என்றார் கண்டக்டர். அவருடைய கரகரத்த, நிறுத்தம் கூவிக் கூவித் தடித்துப்போன குரலில். "வேணும்னு சொல்றா."

மகள் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள்.

கண்டக்டர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பென்டிரைவ் அங்கேதான் இருந்தது. அதற்குள் எங்கேயோ இந்த வார்த்தை அவள் குரலில் இருக்கிறது. ‘ணா’ அவருக்கு நன்றாக நினைவிருந்தது, அந்த எரிச்சல், அந்தச் சுள்ளென்ற அதட்டல். ‘ணு’வை அவள் எப்படிச் சொன்னாள் என்று நினைவுபடுத்திப் பார்த்தார். வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டும் முயன்று பார்த்தார்.

‘ணு’ வரைக்கும் அவளைப் பேச விட்டதே இல்லை.